கண்ணீர் விட்டு வாங்கிய வேலை

எழுபதுகளில் செகந்திராபாத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, தண்ணீர் பம்பு வாங்குகிறவர்களுக்கு அதை எப்படி ஓட்டுவது என்று ஆங்கிலத்தில் எழுதித் தருவது. பம்பு வாங்கிய விவசாயிகளுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குப் பம்பு தெரியாது. ஆக, யாருக்கும் நஷ்டமில்லை.

ஆபீஸ் என்பது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே ஒரு டியூப்லைட், சாகவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல் துடித்துக்கொண்டே இருக்கும். மத்தியானம் தாண்டினால் எனக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிடும். முதலாளி சார்மினார் பக்கத்துக்காரர், இளகிய மனசு. எட்டிப் பார்த்து, "கைக்கு ரோரி மா?" என்பார். ஏனம்மா அழுகிறாய் என்று. நான் விரலை மேலே காட்டுவேன், லைட்டைப் பாருங்கள் என்று. அவர் நான் ஆண்டவனைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு, "ஹவ், ஹவ்", ஆமாம் ஆமாம் என்று உருக்கமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

வீட்டில் வைத்தியம் நடந்தது. அம்மா தலையில் விளக்கெண்ணெயை அப்பினாள். கண்ணில் வெள்ளரிக்காய் வைத்தாள். எதிர்வீட்டுக்காரர் மொத்த மார்க்கெட்டிலிருந்து கேரட்டை மூட்டையாக வாங்கி வந்து பாதியை எங்களுக்குக் கொடுத்தார். கேரட் பொரியல், கேரட் கூட்டு, கேரட் சாம்பார் என்று போனதில் அப்பா ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "கண்ணு அவளுக்குத்தானே வலிக்கு? என்னை எதுக்குக் குதிரையாக்குத?" என்றார்.

கடைசியில் கண் டாக்டரிடம் போனோம். கண்ணாடி போடணும், அந்த லைட்டுக்கு அடியில் உட்காரக் கூடாது என்றார். அம்மாவுக்கு அதிர்ச்சி. திருநெல்வேலியை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் அவள் பேச்சும் கவலையும் அங்கேயேதான் இருந்தன.

"ஏட்டி, கண்ணாடி மாட்டுன பிள்ளைய எவன்டி கெட்டுவான்?"

"கண்ணு தெரியாம எவனையாவது கட்டிக்கிறதுக்கு இது தேவலைம்மா."

அப்பா ராமச்சந்திராபுரத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர். அரசாங்கக் கம்பெனி வேலைதான் வேலை, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்பது அவர் கட்சி. "ஒனக்கு ஜன்னல்தானே வேணும்? கவர்மெண்ட் கம்பெனிக்குப் போ. அங்க எல்லாவனும் ஜன்னல் வழியாத்தான் பாத்துட்டு இருக்கான்" என்றார்.

பாலாநகரில் அப்படி ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கையேடுகள் எழுத ஆள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பித்தேன். இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டார்கள். கண்ணாடி இன்னும் கடையிலிருந்து வரவில்லை. முதலில் எழுத்துத் தேர்வு. உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், எங்கள் ஆபீஸ் டியூப்லைட்டின் உடன்பிறப்பு ஒன்று மேலே துடித்துக்கொண்டிருக்கிறது. எழுதி முடித்து, அதே அறையில் மூன்று அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்தபோது என் கன்னத்தில் அருவி ஓடியது.

மூன்று பேரும் கலங்கிப்போனார்கள். நடுவில் இருந்த தலைவர் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். ஓரத்தில் இருந்தவர் தமிழர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்பா இல்லையாம்மா?"

"இருக்கார் சார். நல்ல சம்பளம்."

"வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் கேரட் சாப்பிட்டு நல்லா இருக்காங்க சார்."

"அப்புறம் ஏம்மா அழறே?"

"அழலை சார். உங்க டியூப்லைட் சரியில்லை. அணைச்சிட்டா நிம்மதியாப் பேசலாம்."

அதற்கு எலக்ட்ரிகல் செக்‌ஷனுக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார் தலைவர் ஆங்கிலத்தில், விளையாட்டில்லாமல். நான் எழுந்து நாற்காலியைத் தூக்கிப்போய் ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டேன். மூவரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கேள்வி கேட்டார்கள்.

தலைவர் ஒரு கையேட்டின் பக்கத்தை நீட்டி, எப்படி இருக்கிறது என்றார். முதல் வாக்கியம் மேலே ஆரம்பித்துப் பக்கத்தின் அடிவரை முடியவே இல்லை. நடுவில் எங்கோ வினைச்சொல் மூச்சுத்திணறிக் கிடந்தது. "இதைப் படிச்சா எந்த லைட்லயும் கண்ணீர் வரும் சார்" என்றேன்.

"நான் எழுதியது" என்றார்.

சரி, போனது போனதுதான், கண்ணும் போச்சு வேலையும் போச்சு என்று பென்சிலை எடுத்து அந்த வாக்கியத்தை ஐந்தாக வெட்டிக் கொடுத்தேன். அவர் விடவில்லை. மூன்றாவது துண்டு தப்பு, அந்த வால்வை முதலில் மூட வேண்டும் என்றார். அப்படியானால் நீங்கள் எழுதியதிலும் தப்பு என்றேன். மற்ற இருவரும் டீ வரவழைத்துக் குடித்து முடிக்கும்வரை சண்டை போட்டோம்.

வேலை கிடைத்தது. ஜன்னலோர மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். புதுக் கண்ணாடியும் வந்திருந்தது. ஒரு பக்கம் எழுதினால் நிமிர்ந்து வெளியே புளியமரத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். மேலாளர் முறைத்தால் டாக்டர் சீட்டைக் காட்டுவேன். கொஞ்ச நாளில் செக்‌ஷனில் எல்லோருக்கும் கண்வலி வந்துவிட்டது.

தமிழ் அதிகாரிதான் பிறகு உண்மையைச் சொன்னார். தலைவர் எனக்கு வேலை கொடுத்தது இனிமேல் தான் எழுத வேண்டாமே என்ற சந்தோஷத்தில். தமிழ் அதிகாரியும் இன்னொருவரும் கொடுத்தது பரிதாபத்தில். மானமுள்ள ஏழைப்பெண், கஷ்டத்தை மறைக்க டியூப்லைட் மேல் பழி போடுகிறாள் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்றார்.

அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு பெரிய டப்பா நிறைய முறுக்கு வந்தது. அப்பா ஒன்றை எடுத்துக் கடித்தபடி, "நான் உசுரோட நல்லாத்தான் இருக்கேன்னு நீ சொல்லலியா?" என்று கேட்டார்.

"சொன்னேன்பா."

"சரி, இனிமே சொல்லாத" என்று இன்னொன்று எடுத்துக்கொண்டார்.