அடுப்புக்குள் எட்டிப் பார்ப்பவர்கள்

இரும்பு டிரம்முக்குள் மண் பூசி அடுப்பு விற்கும் தொழிலில் நெருப்பைக்கூடச் சமாளித்துவிடலாம். வாங்கினவர் உள்ளே எட்டிப் பார்ப்பதைத்தான் சமாளிக்க முடியாது. செஞ்சிக் கடைத்தெருவில் என் வீட்டுக்காரர் டிரம்மை வெட்டிக் கொடுப்பார். ஏரி மண்ணில் உமி கலந்து உள்ளே பூசுவது நான். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள்.

செருப்பு நியாயம்

முதல் தடவை தீ மூட்டியதும் பூச்சில் மேலிருந்து கீழாக மயிரிழை போல வெடிப்பு விடும். விடத்தான் வேண்டும். சூட்டில் தகரம் ஒரு மாதிரி உப்பும், மண் ஒரு மாதிரி உப்பும். அந்தச் சந்து இருந்தால்தான் மண் தகரத்தை விடாமல் நிற்கும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருந்த கன்னியப்பன் பெரிய அடுப்பு ஒன்று வாங்கிப் போனார். மறுநாளே என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் விளக்கி முடிக்கும்வரை பல் குத்திக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்: "புதுச் செருப்பு இப்டி வெடிச்சிருந்தா நீ கால்ல மாட்டுவியா மேரியம்மா?"

சிமிட்டி வைத்தியம்

அவர் கடை டீ மாஸ்டர் தங்கராசு ஒரு மேதை. பர்மிட்டு இல்லாமல் சிமிட்டி கிடைக்காத காலத்தில், எங்கிருந்தோ ஒரு சட்டி கொண்டுவந்து வெடிப்பையெல்லாம் அடைத்து வழவழவென்று தேய்த்துவிட்டான். உப்புவதற்கு இடமில்லாத மண் என்ன செய்யும்? பின்பக்கம் தகரத்தை விட்டுப் பிரிந்து, பலகை பலகையாக நெருப்பில் விழுந்தது. இட்லிப் பானையும் கூடவே சாய்ந்தது.

மேரி அடுப்பு இடிந்துவிட்டது என்று கன்னியப்பன் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குக் கடை போடுகிறவர்கள்தான் எங்களுக்குச் சோறு. அடுப்புக்குச் சொல்லிவைத்திருந்த அவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று போனார்கள். தங்கராசுவைப் பிடித்துக் கேட்டேன். "நல்லதுக்குத்தான்க்கா அடைச்சேன், உன் மண்ணுக்கு மரியாத தெரியலன்னா நான் இன்னா பண்றது?"

தட்டிப் பார்க்கும் கலை

மறுபடி பூசிக் கொடுத்தேன், காசு வாங்காமல் சும்மாதான். இந்தத் தடவை கன்னியப்பனுக்குப் பாடமும் நடத்தினேன். வெடிப்பைப் பார்க்காதீங்கண்ணே, விரலால் தட்டிப் பாருங்க. கெட்டியாகக் கேட்டால் கவலையில்லை, வெறும் பானை மாதிரிக் கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது, அப்போது சொல்லியனுப்புங்க என்றேன்.

அவருக்கு அது பிடித்துப்போனது. தனக்குத் தெரிந்த வித்தையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்ட ஆரம்பித்தார். விரல் சுடுமாம், அதனால் இரும்பு இடுக்கியால் தட்டினார். நல்ல மண் பெயரும்வரை தட்டினார். பெயர்ந்த கட்டியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கேட்டார்: "தட்டச் சொன்னவ, மெதுவாத் தட்டுன்னு சொன்னியா?"

அரிவாள் கோடு

அமாவாசை நெருங்கியது. மேல்மலையனூரில் தானும் கடை போடுவதாகவும், வெடிப்பே இல்லாத அடுப்பு வேண்டும் என்றும் வந்து நின்றார் கன்னியப்பன். இதுவும் வெடித்தால் என் அடுப்பை எவனும் தொடாதபடி தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். வெள்ளையடித்துக் கொடுத்துவிடலாமா என்றார் என் வீட்டுக்காரர். இப்படிப்பட்ட யோசனைக்கு அவரிடம் பஞ்சமே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில், புது அடுப்புக்குப் பூசிய ஈரமண்ணில் அரிவாள் நுனியால் விளிம்பிலிருந்து அடிவரை சுற்றிலும் கோடு கோடாகக் கீறினேன். எப்படியும் வெடிக்கப்போகிற மண், என் கையாலேயே வெடித்துத் தொலையட்டும்.

அமாவாசையன்று அந்தக் கூட்டத்தில் காலையிலிருந்து சவுக்குக் கட்டை எரிந்தது. கடைக்குப் பின்னால் நின்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட இடத்தில் மட்டும் மண் வெடித்து விட்டுக்கொடுத்தது. ஒரு துண்டு விழவில்லை. பொழுது சாய அடுப்பு ஆறியதும் கன்னியப்பன் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஒரு வெடிப்பு இல்ல பாத்தீங்களா, கோடு போட்ட டிசைனு, இதத்தான் மொதல்லயே குடுன்னு இந்தப் பொம்பளகிட்ட தலபாடா அடிச்சிக்கினேன்."

அதற்குப் பிறகு வெடிக்காத அடுப்பு கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் நானே முன்கூட்டி வெடிக்கவைத்துக் கொடுக்கிறேன், அவர்களும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சுமந்து போகிறார்கள்.