நோவும் மருந்தும்

சுக்கு வாசனை வந்தால் எனக்கு இன்றும் சாரதா டீச்சரின் ஏழாம் வகுப்புதான் ஞாபகம் வரும். மட்டாஞ்சேரிக் கடைகளில் சுக்கும் மிளகும் மடித்துக் கொடுத்த பழைய மலையாளப் பத்திரிகைத் தாள்களை நீவி எடுத்துவந்து, எங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கமாட்டார். எப்படி அடுக்கியிருக்கிறது என்றுதான் கேட்பார். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்முறை சொன்னால் அது "ஏணி", இரண்டை ஒப்பிட்டால் "தராசு", சிக்கலைச் சொல்லி வழியும் சொன்னால் "நோவும் மருந்தும்" என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். நோவைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள், மருந்து கீழே இருக்கும் என்பார் டீச்சர்.

எழுபதுகளின் கடைசியில், மழைக்கு முந்திய ஒரு மாலை, நாங்கள் குடியிருந்த, ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த "லைன் வீட்டு"ச் சுவரில் அதன் சொந்தக்காரர் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார். கிடங்கில் மூட்டை தூக்கிய அப்பாவுக்கு மலையாளம் பேச்சில் தண்ணீர் பட்ட பாடு, எழுத்தில்தான் தடுமாற்றம். முதல் நாலு வரியை எழுத்துக்கூட்டி, சுவர் வெடிப்பு, கூரை ஒழுகல் என்று கண்டதுமே, இத்தனை வருடம் கத்தியது காதில் விழுந்துவிட்டது, ஓடு மாற்றப்போகிறார் என்று ஆறு வீட்டுக்கும் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அம்மா எல்லாருக்கும் பால் விடாத "கட்டன் சாயா" போட்டாள்.

பள்ளி விட்டு வந்த நான் பார்த்தவுடனே, "அப்பா, இது நோவும் மருந்தும்! மருந்து கீழே இருக்கும்" என்று குதித்தேன்.

"அப்போ முழுசும் வாசி மோளே, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் அப்பா, பெருமை தாங்காமல்.

உரக்க வாசித்துக்கொண்டே போனேன். கடைசிப் பத்தியில் மருந்து இருக்கத்தான் செய்தது: கட்டிடத்தை இடிக்க வேண்டும், ஆகவே குடியிருப்பவர்கள் மழைக்கு முன்பே காலி செய்ய வேண்டும்.

"நம்மளைக் கெளப்புறதுதான் மருந்தா?" என்றாள் அம்மா. மற்றவர்கள் சாயா கிளாசைத் திண்ணையில் வைத்தார்கள். அப்பா என் தலையில் கைவைத்து, "நல்லா வாசிச்சே" என்றார்.

பள்ளுருத்திக்குக் குடிபோனோம். அதன் பிறகு எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா தானாகப் படித்ததில்லை, என்னிடம் நீட்டி, "அடியில என்ன போட்டிருக்கு?" என்பார்.

லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. டீச்சர் இல்லை, அப்பாவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுத்த சீட்டையும் அப்பா என்னிடம்தான் நீட்டினார். அதன் அடியில் மருந்து எதுவும் எழுதியிருக்கவில்லை, வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று மட்டும் இருந்தது. "ரெண்டு வாரத்துல சரியாயிடும்னு போட்டிருக்குப்பா" என்று வாசித்தேன்.