ரோலை முடிக்க வந்தவர்

கடலைப் படமெடுக்கக் கற்றுக்கொடுப்பது சுலபம். கடலுக்கு முன்னால் மனைவியை நிறுத்தாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பது இருக்கிறதே... அதுதான் பெரும்பாடு.

சேலையூரில் எங்கள் காலனிக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு போட்டோ குழு வைத்திருக்கிறோம். வாத்தியார் நான். போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து எல்லோரையும் கோவளம் அழைத்துப் போனேன். மணலில் இறங்கியதும் என் சட்டத்தைச் சொன்னேன்: "படத்துல மனுஷங்க வேண்டாம். கடல் மட்டும்."

"ஆள் இல்லாம எதுக்கு சார் ஃபிலிமை வேஸ்ட் பண்ணணும்?" என்றார் வேணுகோபால். நியாயமான கேள்விதான். ஒரே ரோலில் பொங்கல், காதுகுத்து, தீபாவளி மூன்றையும் அடக்குகிறவர்கள்தானே நாம்?

வேணுகோபால் ஓர் அலுவலகத்தில் கிளார்க். அவர் வந்தது கடலுக்காக அல்ல, ரோலை முடிக்க! கேமராவில் பாதி ரோல் முழுக்க அவர் மகள் மாலதி — பட்டுப்புடவையில், ஷோகேஸ் பக்கத்தில். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படங்கள். ரோல் முடிந்தால்தானே கழுவக் கொடுக்க முடியும்? ஏற்கெனவே இரண்டு இடம் படத்தைப் பார்த்ததோடு நின்றுபோயிருந்தது. இதுவாவது அமைய வேண்டுமே என்று மனிதருக்குத் தூக்கமே இல்லை.

ஆகவே காக்கை, கட்டுமரம், கிழிந்த வலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிடுங்காத குறையாகக் கேமராவை வாங்கி, கூட வந்திருந்த மாலதியிடம் கொடுத்தேன்.

"வெளிச்சம் வர்ற வரைக்கும் அமுக்காதம்மா. சும்மா பாரு."

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நேரம். படகுகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அலை வந்து அவள் சுடிதாரை நனைத்தது, அவள் நகரவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு கிளிக். அப்புறம் மீண்டும் கடலையே பார்த்து நின்றாள். வேணுகோபால்கூட வாட்ச் பார்க்க மறந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். எனக்கோ, எதைச் சொல்லிக்கொடுக்க வந்தேன் என்பதே மறந்துபோனது. அப்படி ஒரு சுகம்.

மீன்கூடையோடு போன ஒரு பெண் நின்றாள். "இன்னாம்மா, எம்மா நேரமா தண்ணியவே பாத்துகினு கீற? அது எங்கியும் ஓடிப்பூடாது."

மாலதி கேமராவை அணைத்துக்கொண்டு சிரித்தாள். ஈர உடை, கலைந்த முடி... என் சட்டத்தை நானே மீறி, என் கேமராவில் அவளை ஒரு படம் எடுத்தேன்.

பிரிண்ட் வந்தது. பட்டுப்புடவைப் படத்தில், பல் டாக்டரின் அழைப்புக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு நாம் அனுப்பும் படங்களில் புடவை தெரியும், நகை தெரியும், டி.வி. கூடத் தெரியும். பெண்?

நான் எடுத்த கடற்கரைப் படத்தைப் பார்த்து வேணுகோபால் முகம் சுளித்தார். "இதையா அனுப்பறது? தலைகூட வாரலையே சார்."

"ரெண்டையும் அனுப்புங்கப்பா" என்றாள் மாலதி. "இதுல இருக்கறது நான். பட்டுப்புடவையில இருக்கறது யாருன்னு எனக்கே தெரியல."

கொஞ்ச நாளில் கவர் திரும்பி வந்தது. ஜாதகம் இருந்தது, பட்டுப்புடவைப் படம் இருந்தது. கடற்கரைப் படத்தைக் காணோம்! வேண்டாமென்று சொன்ன வீட்டில் பெண்ணின் படம் இருக்கலாமா? வேணுகோபால் பதறிக்கொண்டு பல்லாவரத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடினார்.

கதவைத் திறந்தது பையன்.

"அம்மாதான் அவசரப்பட்டு அனுப்பிட்டாங்க சார். நான் அவங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்" என்றானாம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "படத்துல உங்க பொண்ணு கையில கேமரா இருக்கே... அதுல என்ன எடுத்தாங்க? பார்க்கலாமா?"

வேணுகோபால் அந்தப் படங்களை உடனே தபாலில் அனுப்பக் கிளம்பினார். மாலதி விடவில்லை. "பார்க்கணும்னா வந்து பார்க்கட்டும்பா."

போன ஞாயிறு வந்தான், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. பஜ்ஜி ஆறியது, சொஜ்ஜி இறுகியது... பையன் மாலதி எடுத்த கடல் படங்களை விட்டுத் தலை நிமிரவில்லை.

கடைசியில் அந்த அம்மாவே சொல்ல வேண்டியதாயிற்று: "பொண்ணையும் கொஞ்சம் பாருடா."