வாடகைக்காக வைத்த பொட்டு

மேடம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அந்த நொடியை என்னால் மறக்க முடியவில்லை. பின்னாலேயே பைலும் கையுமாக நான். எங்கள் தீவில், சிப்பிகாட் என்ற ஊரில் ஏழைகளுக்காக ஆபீஸ் கட்டிய அந்த வாடகை வீடுகளில் யாருக்கு என்ன வருமானம் என்று இரண்டு வருடமாகப் ஃபாரம் நிரப்பியவன் நான்தான். ஆனால் ஒரு வீட்டின் வாசலையும் அதுவரை தாண்டியதில்லை. பாதாம் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்துகொள்வேன். சனங்கள் வந்து சொல்வார்கள், நான் எழுதுவேன். வெயிலில் எவன் அலைவான் என்ற சோம்பல்தான், வேறு பெரிய காரணம் கிடையாது.

மேடம் வங்காளி, எங்கள் ஆபீசின் அதிகாரி. தமிழ் சுத்தமாகத் தெரியாது, நான்தான் இந்தியில் சொல்லவேண்டும். வாடகை வைப்பதில் அவருக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. வீடு கட்ட என்ன செலவானது, பக்கத்துத் தனியார் வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்க்காதே, உள்ளே இருப்பவர்களால் எவ்வளவு முடியும் என்று பார் என்பார். வீட்டில் சம்பாதிப்பவர்கள் எல்லோருடைய வருமானத்தையும் கூட்டி, அதில் ஆறில் ஒரு பங்குதான் வாடகை. அதைக் கொடுத்த பிறகும் அரிசிப் பானை காலியாக இருந்தால் அது வாடகை இல்லை, அபராதம் என்பார். இதைவிட நியாயம் வேறு இருக்க முடியாது என்று நானும் நம்பினேன். எல்லாரும் வருமானத்தைக் குறைத்துத்தான் சொல்வார்கள் என்பது ஆபீஸ் ஞானம். அதனால் குறைத்துச் சொன்னவர்களைக் குடைந்து குடைந்து கேட்டேன். கூட்டிச் சொன்னவர்களை ஏன் கேட்கப்போகிறேன்?

அக்கா சிறுமியாக இருந்தபோது இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர். எங்கள் தீவில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்து, இப்போது பக்கத்து ஊரான சௌல்தாரியில் பாக்குத் தோப்பில் கூலி. புருஷனுக்கும் கூலி வேலை என்றார். சம்பாதிப்பவர் இருவர் என்று எழுதினேன். ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை கட்டிவிடுவார். பாக்கி வைத்த பெண்களிடம், "அக்காவப் பாத்துக் கத்துக்கங்க, புருஷனும் பொண்டாட்டியுமா ஒழைக்கிறாங்க" என்று நக்கலடிப்பேன். அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அட மடையா என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அந்த வருட மறுகணக்கெடுப்புக்கு மேடமே நேரில் வந்தார், முன்கூட்டிச் சொல்லாமல். இரண்டு அறைகள், ஒரு பாய், ஒரே ஒரு தட்டு. சுவரில் ஓர் ஆணின் படம், காய்ந்த மாலை, முன்னால் சின்ன விளக்கு. மேடம் படத்தைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "ஆத்மி கிதர் ஹை?" புருஷன் எங்கே என்பது அக்காவுக்கும் புரிந்தது. "வேலைக்குப் போயிருக்காருங்க" என்று சொல்லி, நகர்ந்து வந்து படத்தை மறைத்து நின்றார்.

"அக்கா, படத்துல இருக்கிறது யாரு?"

"அவருதான் தம்பி. நீ எழுத வர்றதுக்கு முந்தின வருசமே போயிட்டாரு."

"பின்ன ஏன்க்கா சம்பாதிக்கிறாருன்னு சொன்னீங்க?"

"அங்க தோட்டத்துல வேலைக்குப் பேரு இல்லாட்டி லயத்து வரிசை வீட்டுல குடியிருக்கக் காம்பரா கெடையாது தம்பி. எங்க பெரியப்பா செத்த மாசமே பெரியம்மாவக் காம்பராவ விட்டு எறக்கிட்டாங்க. ஒத்தப் பொம்பளன்னு சொன்னா நீங்க மட்டும் வச்சிருப்பீங்களா?"

மரத்தடிக்கு வரும்போதெல்லாம் அவர் நெற்றியில் பொட்டு இருக்கும். அன்று இல்லை. நான் பார்ப்பதைக் கண்டு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு, "ஒங்ககிட்ட வர்றப்ப மட்டும் வச்சுக்குவேன்" என்றார். செத்துப்போன மனிதனின் கூலிக்கும் இரண்டு வருடமாக வாடகை வாங்கியிருக்கிறோம். அந்த ஒற்றைத் தட்டில் எத்தனை வேளை சோறு விழுந்திருக்கும்?

பொய்த் தகவல் கொடுத்தால் வீடு ரத்து என்பது விதி. அந்த ஃபாரத்தின் அடியிலேயே அச்சடித்திருக்கும். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் மேடத்துக்குக் கண் இருந்தது. உள்ளதை உள்ளபடி இந்தியில் சொன்னேன். அவர் திரும்பி என்னிடம்தான் கேட்டார், ஒரு நாள்கூட நீ உள்ளே வந்து பார்க்கவில்லையா என்று. நம்மை ஏமாற்றியவர்களுக்குத்தான் அந்த விதி, இங்கே ஏமாற்றியது நாம் என்றார். இனிமேல் பாதி வாடகை, கூடுதலாக வாங்கியதை வரும் மாதங்களில் கழித்துக்கொள் என்றும் சொன்னார்.

அக்காவிடம் சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. இரண்டு அறைகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அப்ப, பாதி வாடகைன்னா எந்த ரூம விட்டுக் குடுக்கணும் தம்பி?" என்றார். என்ன சொல்கிறாள் என்று மேடம் கேட்டார். எனக்கு இந்தி வரவில்லை.

மறுநாள் காலை நான் போகும் முன்பே மரத்தடியில் நான்கு பெண்கள் நின்றார்கள். எல்லாரும் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள், நான் நக்கலடித்தவர்கள். முதலில் நின்றவர், "எங்க வீட்டுக்காரரு பேரையும் எடுத்துருங்க சார்" என்றார். மத்தியானத்துக்குள் நான்கு பெயர்களை அடித்து நீக்கினேன். நால்வரும் எப்போதோ மண்ணுக்குள் போனவர்கள். என் கையெழுத்தில் மட்டும் அன்றுவரை கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.