பால் சுறா வாங்கப் போனவன்

என்னைப் போன்ற முட்டாள் ராயபுரத்தில் இன்னொருவன் கிடையாது. இருந்தால் அவனும் என் சட்டையைத்தான் போட்டிருப்பான். பிள்ளை பெற்ற மனைவிக்குப் பால் ஊறவில்லை. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பால் சுறா சமைத்துக் கொடுத்தால் சுரக்கும் என்று காலையிலேயே என்னைக் கடற்கரைக்கு விரட்டினார்கள். மீனை வாங்கியவன் திரும்பியிருக்க வேண்டும். எங்கோ அமெரிக்கக் காட்டில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் சோம்பேறி மிருகத்தைப் பற்றி, புத்தகத்தில் படித்ததை வலைக்காரன் ஒருவனிடம் அளந்துகொண்டிருந்தேன்.

"சுறா நின்னா செத்துடும். அந்த மிருகம் அசைஞ்சாலே அதிசயம்!" என்றேன்.

"அப்ப அது உன் தோஸ்து மாமு," என்றான் வலைக்காரன். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மதியம் வீடு திரும்பினேன். அதற்குள் குழந்தை போய்விட்டிருந்தது. மனைவி தூளியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"பால் சுறா கொண்ணாந்துகீறேன்," என்றேன்.

"யாருக்கு?"