லோகேஸ்வரியின் ஹேங்கர்கள்

பெயர்: லோகேஸ்வரி த/பெ சுப்பையா. பிறப்பு: 11 ஜூன் 1986, ஜார்ஜ் டவுன், பினாங்குத் தீவு, மலேசியா. தொழில்: பாயான் லெப்பாசில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டப் பிரிவு. திருமணம்: 2012. கணவர் குகன், தீவுக்கு எதிர்க்கரையில், பெருநிலத்தில் உள்ள செபராங் ஜெயாவைச் சேர்ந்தவர். பிள்ளைகள் இல்லை. தாய்வீடு திரும்பியது: 21 அக்டோபர் 2023, சனிக்கிழமை. தாய்வீடு சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது தளத்தில் இருக்கிறது. தாயார் வள்ளியம்மாவும் தம்பி கோகிலனும் அங்கே வசிக்கின்றனர். அதே தளத்தில், நான்கு கதவுகள் தள்ளி, நான் வாடகைக்குக் குடியிருக்கிறேன். இக்குறிப்பில் உள்ளவற்றில் சில நான் நேரில் கண்டவை. மற்றவை லோகேஸ்வரி அக்கா சொன்னவை.

திரும்பியதற்கான காரணம் சுருக்கமானது. குகன் ஒருமுறை கையை ஓங்கினார். அடுத்த முறை அந்தக் கை லோகேஸ்வரியின் கன்னத்தில் இறங்கியது. அன்று மாலையே லோகேஸ்வரி ஒரு பச்சைப் பெட்டியுடன் படகேறித் தீவுக்கு வந்துவிட்டார். இரு குடும்பத்தாரும் இதற்கு 'மனஸ்தாபம்' என்று பெயர் வைத்தனர்.

தாய்வீட்டில் அவருக்குத் தனி அறை கிடைத்தது. அலமாரி கிடைக்கவில்லை. அறையில் அலமாரி இல்லாமல் இல்லை. வள்ளியம்மா அதில் போர்வைகளையும் தீபாவளிக்கு மட்டும் இறக்கும் பாத்திரங்களையும் அடைத்து வைத்திருந்தார். மணமாகிப் போன பெண் தாய்வீட்டுக்கு வந்தால் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, மடித்து, பெட்டியிலேயே திரும்ப வைப்பாள். அவர்கள் உறவுக்குள் அதுதான் முறை. துணி பெட்டியில் இருக்கும்வரை அவள் விருந்தாளி; அலமாரியில் ஏறிவிட்டால், வாழாவெட்டி என்று ஊருக்கே அறிவித்ததாகிவிடும்.

ஏழு மாதங்கள் லோகேஸ்வரி பெட்டியிலிருந்து எடுத்தே உடுத்தினார். பினாங்கின் புழுக்கத்தில் மூடிய பெட்டி என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஒரு நாள் காலை, வேலைக்கு உடுத்தும் கறுப்புக் கோட்டின் காலரில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது.

"அம்மா, அந்த அலமாரிய காலி பண்ணு. துணியெல்லாம் நாசமாப் போவுது."

"இன்னும் கொஞ்ச நாளுதானே லோகா. அவுங்க வந்து பேசுறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள எதுக்கு?"

"யார் பேசுறாங்க? யார்கிட்ட?"

"உன் வாய் இருக்கே, அதான் உன்னை இங்க கொண்டாந்து விட்டுச்சி."

"வாய் இல்லமா. அவரோட கை."

வள்ளியம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த வாரமே செய்தி வந்தது: மே 19, ஞாயிற்றுக்கிழமை, குகனின் பெரியப்பா வாசு குகனை அழைத்துக்கொண்டு வருகிறார். பேசி முடித்து, பெண்ணையும் கையோடு கூட்டிப்போவார்.

குகனின் குடும்பத்தில் கூட்டிப்போவதற்கு ஒரு நடைமுறை உண்டு. கோபித்துக்கொண்டு போன மருமகளிடம் சம்மதம் கேட்பதில்லை. காப்பி குடித்துவிட்டு, ஆண்களில் மூத்தவர் எழுந்து அவளுடைய பெட்டியைத் தூக்குவார். பெட்டி முதலில் வாசல் தாண்டும். அவள் பின்னால் வருவாள். வாசு இப்படி இரண்டு மருமகள்களைத் திரும்பக் கொண்டுவந்தவர் என்பதில் அவருக்கே பெருமை உண்டு.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் லோகேஸ்வரி தன் சக தொழிலாளி சுலைஹாவுடன் ஜெலுத்தோங்கில் உள்ள வீட்டுச் சாமான் கடைக்குப் போனார். சுலைஹாவின் குடும்பத்துக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் துணிக்கடை உண்டு. ஆகவே துணி விஷயத்தில் அவர் யாரையும் சும்மா விடமாட்டார்.

"டோபி குடுக்குற கம்பி ஹேங்கர் வீட்ல நெறைய கெடக்கு. அதையே மாட்டிக்கலாமான்னு பாக்குறேன்" என்றார் லோகேஸ்வரி.

"மாட்டு. அடுத்த மாசம் வெள்ள பாஜு குரோங் தோள்ல துரு கோடு போட்டிருக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழாத லா."

மெல்லிய பிளாஸ்டிக் ஹேங்கர்கள் கட்டுக்கட்டாக மலிவு விலையில் தொங்கின. லோகேஸ்வரி ஒன்றை எடுத்துத் தன் கோட்டை அதில் மாட்டிப் பார்த்தார். கோட்டைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். பாரம் தாங்காமல் இரு முனைகளும் தொங்கின. வெல்வெட் உறை போட்டவை வழுக்காமல் பிடித்துக்கொண்டன. ஆனால் நம் ஊர் ஈரத்தில் அந்த உறையின் சாயம் வெளிர்நிறத் துணியில் இறங்கும் என்று சொல்லி, சுலைஹா அவர் கையிலிருந்து பிடுங்கித் திரும்ப மாட்டினார். கடைசியில் மரத்தாலானவை. தோள் முனை அகன்று, உருண்டையாக இருந்தது. கோட்டின் தோள் புடைக்காமல் இயல்பாக அமர்ந்தது. பாவாடைகளுக்குக் கிளிப் வைத்தவை, பட்டுச் சேலைகளுக்குத் தடித்த உருளைக் கட்டை உள்ளவை.

"கட்டை மெல்லிசா இருந்தா மடிப்புல ஜரிகை ஒடையும். தடிச்சதே எடு. அப்பப்ப மடிப்ப மாத்திப் போடணும், மறந்துராத" என்ற சுலைஹா, குரலைத் தாழ்த்தினார். "ஏ லோகா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. ஞாயித்துக்கிழம அவுங்க வர்றாங்கன்னியே. போறவளுக்கு எதுக்கு மர ஹேங்கர்? பிளாஸ்டிக்கே போதும்ல?"

"போறவளுக்குப் பிளாஸ்டிக் போதும்" என்றார் லோகேஸ்வரி. "மரத்தையே பில் போடச் சொல்லு."

சனிக்கிழமை வள்ளியம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கோகிலன் அக்காவுக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதவர். சொன்னதைச் செய்யவும் சற்றுத் தயங்குபவர். அன்று போர்வைகளையும் பாத்திரங்களையும் தன் அறைக்கு மாற்றிக் கொடுத்தார். மரத்தின் பாரத்துக்குப் பழைய அலுமினியக் கம்பி வளைந்ததால், எஃகுக் கம்பி ஒன்றை வாங்கிவந்து திருகியதும் அவர்தான். "நாளைக்கி என் தலைதான் உருளும்க்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே திருகினார்.

ஞாயிறு காலை வாசுவும் குகனும் வந்தார்கள். நாற்காலி போதவில்லை என்று கோகிலன் கேட்டதால், இரண்டைத் தூக்கிக்கொண்டு போன நானும் அங்கேயே நிற்கும்படி ஆயிற்று. பேச்சு பெரும்பாலும் வெயிலைப் பற்றியும் பாலத்தின் நெரிசலைப் பற்றியும் இருந்தது. காப்பி வந்தது. வாசு பாதி குடித்துவிட்டு எழுந்து, அறைக்குள் போய், பச்சைப் பெட்டியை ஓங்கித் தூக்கினார்.

பெட்டி அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாக மேலே வந்தது. இரண்டடி பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா இது, காத்தா இருக்கு?"

"காலிப் பெட்டி, பெரிய மாமா. துணி அலமாரியில இருக்கு." லோகேஸ்வரி அலமாரியின் இரு கதவுகளையும் திறந்தார். "வேணும்னா எடுத்து மடிச்சு வச்சிக்குங்க."

வாசு எழுந்து அலமாரிவரை போனார். கை நீட்டினார். முன்வரிசையில் இருந்தவை ரவிக்கைகளும் உள்பாவாடைகளும். நீட்டிய கை அப்படியே நின்று, பிறகு தலையைச் சொறியப் போய்விட்டது. அவற்றை ஏன் முன்னால் மாட்டினீர்கள் என்று பிற்பாடு லோகேஸ்வரி அக்காவிடம் கேட்டேன். தினமும் எடுப்பது முன்னால்தானே இருக்க வேண்டும் என்றார்.

"லோகா, பெரியவங்க முன்னால ஆட்டம் போடாத. எடுத்து வை" என்றார் குகன், வாசலில் நின்றபடி.

"கன்னத்துல அடிச்சப்ப பெரியவங்க யாரும் முன்னால இல்லல்ல? இப்ப இருக்காங்க. அவுங்க முன்னாலயே சொல்றேன். நான் வரல. இன்னிக்கி மட்டும் இல்ல, எப்பவும் வரல."

வாசு வள்ளியம்மாவின் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, நீங்க பெத்தவங்க. நீங்க எடுத்து வைங்க. நாங்க கீழ காத்திருக்கோம்."

எல்லோரும் வள்ளியம்மாவைப் பார்த்தோம். லோகேஸ்வரி தாயாரைப் பார்க்கவில்லை. வள்ளியம்மா அலமாரிக்கு முன்னால் போய் நின்று, உள்ளே தொங்கியவற்றை முதல்முறையாகப் பார்த்தார். ஒரு சேலை கட்டையிலிருந்து சரிந்து ஒரு பக்கம் நீண்டிருந்தது. அதை ஹேங்கரோடு இறக்கினார். வாசு பெட்டியின் ஜிப்பைத் திறந்து வைத்தார். வள்ளியம்மா இரு ஓரங்களையும் சமமாக்கி, நீவி, ஹேங்கரைத் திரும்பக் கம்பியில் மாட்டி, கதவுகளைச் சாத்தினார்.

"காப்பி ஆறிப்போவுது" என்றார். "குடிச்சிட்டுக் கெளம்புங்க. பாலத்துல ஜாம் ஆயிடும்."

வாசு மீதிக் காப்பியைக் குடிக்கவில்லை. குகன் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டுப் போனார்.

விவாகரத்து மனு அதே ஆண்டு, 2024 ஆகஸ்டில் தாக்கலானது. 2025 ஜூலையில் தீர்ப்பானது. அதன் பிறகு ஒரு நாள், லோகேஸ்வரி அக்காவின் அனுமதியோடு அலமாரியைத் திறந்து பார்த்தேன். வள்ளியம்மாவின் சேலைகளும் இப்போது அதே கம்பியில்தான் தொங்குகின்றன. மொத்த ஹேங்கர்கள்: அறுபத்து மூன்று.