எடைமேடைக்கு இரண்டு வழி

எனக்கு வேலை துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில். கம்ப்யூட்டர் நெட்வொர்க் முழுவதும் என் பொறுப்பு. அதற்கென்று குளிரூட்டிய சின்ன அறை ஒன்று உண்டு. தூத்துக்குடி வெயிலில் அந்த அறைக்கு இருந்த மதிப்பு எனக்கு இருந்ததில்லை. பேனா கேட்க வருகிறவர்கள்கூட அரைமணி நேரம் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள்.

நான் சேர்ந்த வருடம் கம்பெனி பைபாஸ் ரோட்டோரம் ஒரு கண்டெய்னர் யார்டை விலைக்கு வாங்கியிருந்தது. அவசரத்துக்கு, யார்டையும் எங்களையும் ரேடியோவால் இணைத்திருந்தார்கள். எங்கள் மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனாத் தட்டு, யார்டில் கம்பத்தின் உச்சியில் இன்னொரு தட்டு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி. எனக்கு அது பிடிக்கவில்லை. மேனேஜரிடம் மன்றாடி ஃபைபர் கேபிள் போட வைத்தேன். ரேடியோவைக் கழற்றவில்லை, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். கேபிள் வந்த அன்று அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து யார்டிலிருந்து போன் வந்தது. எடைமேடையில் வேலை பார்த்த அக்கா. உள்ளே வருகிற ஒவ்வொரு லாரியையும் எடை போட்டு, எங்கள் சர்வரில் ஏற்றிச் சீட்டுக் கொடுப்பது அவர் வேலை.

"மேடம், மத்தியானம் ஆனா ஸ்கிரீன் அப்படியே நிக்கி. ஒரு லாரிக்குப் பத்து நிமிசம் ஆகுது. டிரைவர்மாரெல்லாம் என்னைய ஏசுதாவ."

"ஃபைபர் போட்டாச்சேக்கா, அப்படி நிக்காதே," என்றேன்.

"நீங்க என்ன போட்டியளோ எனக்குத் தெரியாது. இங்கன நிக்கி."

மறுநாள் காலை அங்கே போய்ச் சோதித்தேன். எல்லாம் பறந்தது. அவருடைய கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி அதை மாற்றினேன். மத்தியானம் போன் வந்தது. அடுத்த நாள் காலை வயரை மாற்றினேன். மத்தியானம் போன் வந்தது. மூன்றாம் நாள் காலை நான் உள்ளே நுழைந்ததும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏளா, தலைவலி மத்தியானம் வருதுன்னு சொன்னா காலையில வந்து நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுப் போறியே. இன்னைக்கு இங்கனயே இரி."

மேடம் ஏளா ஆனது அந்த நிமிடம்தான். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. அவர் கடற்கரைத் தெருக்காரர். வீட்டுக்காரர் கப்பலில் வேலை. மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறந்து சீலா மீன் குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றினார். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் ஸ்கிரீன் நின்றுவிட்டது.

லேப்டாப்பை எடுத்து, யார்டிலிருந்து சர்வருக்குப் போகும் தகவல் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தேன். ரேடியோ வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஃபைபரில் ஈ காக்கை இல்லை. லட்டு கொடுத்த நாளிலிருந்தே அது சும்மாதான் கிடந்திருக்கிறது. காது சூடாகிவிட்டது.

ஜன்னல் வழியே வெளியே பார்த்தபோது மிச்சமும் புரிந்தது. இரவில் ஏற்றி அனுப்பியதுபோக, காலையில் இரண்டடுக்காக இருந்த கண்டெய்னர்கள், துறைமுகத்திலிருந்து லாரிகள் வந்து சேர்ந்த பிறகு ஐந்தடுக்காகியிருந்தன. கம்பத்துத் தட்டுக்கு எதிரே ஒரு நீலச் சுவர் நின்றது. ரேடியோ முழுதாகச் செத்திருந்தால்கூட நல்லது, தகவலுக்கு வழி பிரித்துவிடுகிற ரூட்டர் தானாகவே ஃபைபருக்கு மாறியிருக்கும். இது பாதி உயிரோடு இழுத்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு அந்த நொண்டி வழியிலயே போவுது?" அக்கா கேட்டார்.

"ரூட்டருக்கு ரெண்டு பேரு வழி சொல்லுதாங்கக்கா. யார்டுக்காரங்க வச்சிருந்த பழைய முறை ஒண்ணு, அதுக்கு ரேடியோ வழிதான் தெரியும். நான் போட்ட முறை இன்னொண்ணு, அது ஃபைபர் வழியச் சொல்லும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு நம்பர் இருக்கு. நம்பர் சின்னதா இருக்கிறவன் சொல்லைத்தான் ரூட்டர் நம்பும். பழையவனுக்குத் தொண்ணூறு. என்னுதுக்கு நூத்திப்பத்து."

"ரோடு நல்லாருக்கா இல்லையான்னு பாக்காதா?"

"பாக்காது. சொல்லுதவன் யாருன்னுதான் பாக்கும்."

"எங்க மாமியார் மாதிரி," என்றார் அக்கா.

கேபிளைப் போட்டால் ரூட்டர் வேகமான வழியைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று நம்பி, இந்த நம்பரைப் பார்க்காமலே விட்டது என் தவறு. பழைய முறையின் நம்பரை நூற்று முப்பதாக்கினால் போதும். ஃபைபர் முன்னுக்கு வரும், அது அறுந்தால் மட்டும் ரேடியோ கைகொடுக்கும். யார்டு ரூட்டரில் மாற்றினேன். அக்கா பட்டனை அழுத்தினார். ஸ்கிரீன் நின்றது.

"போவுது, திரும்பி வரலை போல," என்றார், சும்மா வாயில் வந்ததைச் சொல்வதுபோல.

அதுதான் நடந்திருந்தது. எடை ஃபைபரில் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அலுவலக ரூட்டர் இன்னும் பழையவனையே நம்பிப் பதிலை ரேடியோவில் அனுப்பி நீலச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் மாற்ற வேண்டும். தூரத்திலிருந்து ரூட்டரில் கை வைப்பது பயம். ஒன்று தப்பினால் உள்ளே நுழையவே முடியாது. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு பாதுகாப்பு உண்டு. "பத்து நிமிடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் நீயே அணைந்து எழுந்து பழைய நிலைக்குப் போய்விடு" என்று ரூட்டரிடம் முதலில் சொல்லிவைக்கலாம். சொல்லிவைத்துவிட்டு, நடுவில் இரண்டு தடவை தொடர்பு அறுந்து ஒட்டியபின், நம்பரை மாற்றினேன்.

அக்கா அழுத்தினார். சீட்டு சரக்கென்று வெளியே வந்தது. அடுத்த லாரி. சரக். அடுத்தது. சரக். வரிசையில் நின்ற ஒரு டிரைவர் அண்ணாச்சி தலையை உள்ளே நீட்டி, "என்னம்மா, இன்னைக்கு மிசினுக்குக் காப்பி குடுத்தியளா?" என்றார். அக்கா பெருமையாக என்னைக் காட்டினார். அண்ணாச்சி எதிர்க் கடையிலிருந்து டீயும் உளுந்தவடையும் வாங்கிவந்து கொடுத்தார். நானும் அக்காவும் வடையைப் பிட்டுக்கொண்டு, அவர் வீட்டுக்காரர் போகிற ஊர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஸ்கிரீன் நின்றது.

என் போன் அடித்தது. மேனேஜர். "ஆபீஸ்ல ஒரு சிஸ்டமும் வேலை செய்யல. நீ எங்கன இருக்க?"

அலுவலக ரூட்டரிடம் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அது சொன்ன சொல் தவறாமல் தன்னை அணைத்துக்கொண்டிருந்தது.

"அஞ்சே நிமிசம் சார்," என்றேன். வாயில் வடை இருந்ததால் அவருக்கு எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். வெளியே ஒன்பது லாரிகள் ஹாரன் அடித்தன. அக்கா வாசலில் போய் நின்று, "எல்லாரும் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி, இந்தப் பிள்ள இப்பச் சரி பண்ணிரும்," என்று சத்தம் போட்டார்.

ரூட்டர் எழுந்ததும் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். சரியாக வருகிறதா என்று மூன்று லாரி பார்த்தேன். அணையச் சொன்னதை ரத்து செய்தேன். இரண்டு ரூட்டரிலும் மாற்றத்தைச் சேமித்தேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்ததை அக்கா பக்கத்தில் நின்று விரல்விட்டு எண்ணினார். சாயங்காலம் ஆறடுக்கு வரை கண்டெய்னர் ஏறியும் சீட்டு நிற்கவில்லை.

மறுநாள் மேனேஜர் என் அறைக்கு வந்து, குளிருக்கு வாகாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னதான் பிரச்சினை என்று கேட்டார்.

"ஒரு நம்பர் சார். தொண்ணூறு. நூத்தி முப்பதா மாத்திட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப கேபிள் வந்த அன்னைக்கு லட்டு எதுக்குக் குடுத்த?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். வாசலிலேயே மாமியாரிடம் என்னை, "ரூட்டரு கூடச் சண்டை போட்டு ஜெயிச்ச பிள்ள," என்று அறிமுகப்படுத்தினார். அந்த அம்மா என்னை உட்காரவைத்து, நான் போதும் போதும் என்பதைக் காதில் வாங்காமல் இறால் தொக்கை அள்ளி அள்ளி வைத்தார்.